குதிரை குடித்த தொட்டி

இங்கிலாந்து தேசத்தில் முன்னொரு காலத்தில் எல்டர்காம் என்ற கிராமம் இருந்தது. கிராமத்துக்கு மேலே ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு பழைய தேவாலயம். அதன் மேற்கு வாசலை ஒட்டி ஒரு ஞானஸ்நானத் தொட்டி நானூறு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

ஒரே கல்லில் குடைந்த தொட்டி அது. அதன் ஒரு பக்கத்தில் வேதத்தில் வரும் யோர்தான் நதியைச் செதுக்கியிருந்தார்கள். அலைகளுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்பார். அவர் தலைக்கு மேலே ஒரு புறா இறங்கி வரும்.

அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் தாய் மடியை விட்டு முதன்முதலாக வந்த இடம் அந்தத் தொட்டிதான். அவர்கள் பெயர்களை அது ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தது. அதனால் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"என்னை மிதித்துத்தான் எல்லாரும் உன்னிடம் வருகிறார்கள்" என்று வாசற்படி ஒருநாள் சொன்னது.

"மிதிப்பது வேறு. பயபக்தியோடு தொடுவது வேறு" என்றது தொட்டி.

இப்படி இருக்கையில் நாட்டில் ராஜாவுக்கும் பாராளுமன்ற சபையாருக்கும் யுத்தம் மூண்டது. ஒரு வசந்த காலத்தில் சிப்பாய்கள் குன்றேறி வந்தார்கள். கல்லில் உருவம் செதுக்கி வைப்பது விக்கிரக ஆராதனை என்றும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு சாதாரணக் கிண்ணம் போதும் என்றும் அவர்களுடைய தலைவன் சொன்னான். கடப்பாறை போட்டுத் தொட்டியை அதன் அடித்தூணிலிருந்து பெயர்த்தார்கள். வெளியே உருட்டிக்கொண்டு போய், ஊருக்கு மறுபக்கம் இருந்த சரிவில் தள்ளிவிட்டார்கள்.

தொட்டி புரண்டு புரண்டு போய் அடிவாரத்து ஓடையில் விழுந்தது. உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை என்று அதற்குத் தோன்றியது.

தேடிப் பார்க்க ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது. புறா செதுக்கிய பக்கம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. ஆடுகள் அதன் மேல் ஏறி நின்று தண்ணீர் குடித்தன.

விழுந்த சில வாரத்திலேயே பாசி வந்தது. "உன் மேல் கொஞ்சம் தங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது. எங்கே போனாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் படரும் பாசி அது.

"தங்கு. ஆனால் இந்தப் பக்கத்தை முழுக்க மூடிவிடு. புறா வெளியே தெரியக் கூடாது."

"ஏன்? அழகாகத்தானே இருக்கிறது."

"அதனால்தான். நான் இன்னதென்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டாம்."

பாசி மறுபேச்சுப் பேசாமல் மூடியது. முதலில் அலைகள் மறைந்தன. பிறகு நடுவில் நின்றவர் மறைந்தார். கடைசியில் புறாவும் மறைந்தது.

ஆறாம் வருஷக் கடைசியில்தான் ஹம்ஃப்ரி என்ற குடியானவன் வேறு சீமையிலிருந்து வந்து, அடிவாரத்துப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தான். ஓடையில் குழிவான கல் ஒன்று கிடப்பதைப் பார்த்தான். நான்கு எருதுகளைப் பூட்டி அதை இழுத்துவந்து முற்றத்தில் போட்டான். அடியில் இருந்த துவாரத்தை ஒரு மரமுளை அடித்து அடைத்தான். கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பினான்.

"நல்ல தொட்டி" என்றான் திருப்தியாக.

ஞானஸ்நானம் போய்விட்டது, தொட்டி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று கல் நினைத்துக்கொண்டது.

பண்ணையில் சாம்பல் நிறப் பெட்டைக்குதிரை ஒன்று இருந்தது. அது வந்து மூக்கு முங்கத் தண்ணீர் குடித்தது.

"நானூறு வருஷத்தில் என் மேல் ஒரு குதிரை வாய் வைத்ததில்லை" என்றது தொட்டி.

"பதினான்கு வருஷத்தில் என்னோடு ஒரு கல் பேசியதில்லை" என்றது குதிரை.

"நான் யார் தெரியுமா?"

குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "தண்ணீர் இருக்கிற இடம்."

"அவ்வளவுதானா?"

"தாகத்தோடு வருகிறவளுக்கு அது போதாதா?"

தொட்டிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்றோடு அது குதிரையுடன் பேசுவதை நிறுத்திவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஹம்ஃப்ரி கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் பெயர் டாம்சின். ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊர்க்காரி. அதிகம் பேச மாட்டாள். வேலை செய்யும்போது மட்டும் மெல்லிய குரலில் பாடுவாள். அந்தப் பாட்டு தொட்டிக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில் அவள் பிள்ளை பெற்றாள். நாள் நிறையுமுன்பே வலி வந்துவிட்டது. மூன்று நாளாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வைத்தியரை அழைத்துவரப் போன ஹம்ஃப்ரி திரும்பி வர வழியில்லாமல் எங்கோ மாட்டிக்கொண்டான். பக்கத்துப் பண்ணையிலிருந்த மருத்துவச்சி மார்ஜரி மட்டும் முழங்கால் பனியில் நடந்து வந்து சேர்ந்தாள்.

பிற்பகலில் குழந்தை பிறந்தது. பெண். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது.

"மார்ஜரியம்மா, பிழைக்குமா?" என்றாள் டாம்சின்.

மார்ஜரி குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தாயின் நெஞ்சோடு வைத்தாள்.

"அப்படியானால் பெயரில்லாமல் அனுப்பிவிடாதீர்கள். ஜூடித் என்று வையுங்கள். ஞானஸ்நானம் கொடுங்கள்."

ஆபத்துக் காலத்தில் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது பழைய வழக்கம். மார்ஜரி அதைக் கேள்விப்பட்டிருந்தாள், செய்ததில்லை. வீட்டிலிருந்த தண்ணீரெல்லாம் பிரசவத்துக்கே செலவாகியிருந்தது. கிணற்றுக் கயிறு உறைந்து இரும்புக் கம்பிபோல் விறைத்துக் கிடந்தது. அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

தொட்டியின் மேல் பனி ஏடு கட்டியிருந்தது. சாம்பல் குதிரை அப்போதுதான் அதை மூக்கால் உடைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"இங்கே எடுக்காதே. குதிரை வாய் வைத்த தண்ணீர் இது. நான் அந்தத் தகுதியை இழந்து வெகுநாளாகிறது" என்று தொட்டி கதறியது. கல்லின் பேச்சு மனிதர் காதில் விழுவதில்லை.

குதிரை தலையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றது. "அவள் எப்படி ஓடி வந்திருக்கிறாள் பார். கொடு."

"உனக்குப் புரியாது."

"இதில் புரிய என்ன இருக்கிறது? அவள் கேட்கிறாள். உன்னிடம் இருக்கிறது."

மார்ஜரி பனிக்கட்டியை விலக்கித் தண்ணீரை முகந்தாள். அவள் ஓடிய வேகத்தில் கதவு சாத்தப்படாமலே நின்றது. உள்ளே கிண்ணத்தைச் சூடேற்ற அடுப்பருகே வைக்கும் சத்தமும், பிறகு அவள் குரலும் கேட்டன.

"ஜூடித், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பதினோரு வருஷமாகத் தொட்டி அந்த வார்த்தைகளைக் கேட்கவில்லை. ஜூடித் என்ற பெயரைத் தன் பெயர்களின் வரிசையில் சேர்க்கலாமா கூடாதா என்று அதற்குத் தெரியவில்லை.

குழந்தை மறுநாள் மத்தியானம் வரை உயிரோடு இருந்தது.

ஹம்ஃப்ரி வந்து சேர்ந்ததும் குன்றின் மேல் போனான். அப்போது தேவாலயத்தில் இருந்த போதகர் கண்டிப்பானவர். "ஒரு மருத்துவச்சி குதிரைத் தொட்டித் தண்ணீரைத் தெளித்தால் அது ஞானஸ்நானமாகுமா?" என்று கேட்டார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் இல்லை என்றார். ஹம்ஃப்ரி சின்னப் பெட்டியை மதிலுக்கு வெளியே முள்வேலியோரம் புதைத்துவிட்டு வந்தான்.

டாம்சின் அதற்குப் பிறகு பாடவில்லை.

ஐந்து வருஷம் போயிற்று. தினமும் காலையில் அவள் தொட்டியருகே வந்து தண்ணீரையே சற்று நேரம் பார்ப்பாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். ஒருநாள் பால் வாங்க வந்த மார்ஜரியிடம், அதுவரை கேட்காததைக் கேட்டாள்.

"அன்றைக்கு நீங்கள் தண்ணீர் எடுக்கும்போது குதிரை குடித்துக்கொண்டிருந்ததா?"

மார்ஜரி தலைகுனிந்தாள். "குடித்துக்கொண்டுதான் இருந்தது, டாம்சின். பொய் சொல்ல மாட்டேன். வேறு தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?"

"உங்களைக் குறை சொல்லவில்லை. என் பிள்ளையின் ஆத்துமா எங்கே இருக்கிறதோ என்றுதான். தினமும் அதுதான்." டாம்சின் பாலை அளந்து மார்ஜரியின் குவளையில் ஊற்றினாள்.

தொட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தான் யாரென்று மட்டும் இந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தது. நானூறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளை ஏந்திய அதே கல்லிலிருந்துதான் அவள் பிள்ளைக்கும் தண்ணீர் போனது என்று தெரிந்தால் இவள் தூங்குவாள். அது தெரியாதபடி மூடி வைத்தது யார்? சிப்பாய்களா? இல்லை. அவர்கள் உருட்டித்தான் விட்டார்கள். மூடச் சொன்னது தானேதான்.

"பாசியே, போதும். விலகிக்கொள்."

"நினைத்தவுடன் விலக எனக்குக் கால் இல்லையே" என்றது பாசி. "பதினாறு வருஷம் நீ பிடித்துக்கொள் என்றாய், பிடித்துக்கொண்டேன். யாராவது தேய்த்தால் வந்துவிடுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை, ஈரம் இருக்கிற எந்த இடமும் எனக்கு வீடுதான்."

தேய்க்கக்கூடிய ஆள் அங்கே ஒன்றுதான் இருந்தது. தொட்டி வெகுநேரம் தயங்கியது. குதிரை தண்ணீர் குடிக்க வந்தபோது மெல்லக் கூப்பிட்டது.

"இத்தனை வருஷம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்."

"அப்படியா? நான் கவனிக்கவில்லை" என்றது குதிரை. "தண்ணீர் தினமும் இருந்தது."

"ஓர் உதவி வேண்டும். உன் கழுத்தை இந்தப் பக்கத்தில் தேய்ப்பாயா?"

"வயசாகிவிட்டது. கழுத்து எப்போதும் அரிக்கத்தான் செய்கிறது" என்று குதிரை ஒப்புக்கொண்டது.

காலையும் மாலையும் அது வந்து தேய்த்தது. பாசி பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. எட்டாம் நாள் ஒரு சிறகு வெளிப்பட்டது.

டாம்சின் குடத்தைக் கீழே வைத்தாள். பாவாடை நுனியை நனைத்துத் துடைத்தாள். ஒரு பறவையும் அதன் கீழே ஒரு மனிதத் தலையும் தெரிந்தன. அவள் அயலூர்க்காரி, அதை முன்பு பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு செய்தி அவள் காதுக்கு எட்டியிருந்தது. சபையார் ஆட்சி முடிந்து, நாட்டுக்கு மறுபடியும் ராஜா வந்துவிட்டார். குன்றின் மேல் ஆம்ப்ரோஸ் என்ற புதுப் பாதிரியார் வந்திருக்கிறார். கோயிலின் பழைய ஞானஸ்நானத் தொட்டி கிடைக்கிறதா என்று நீண்ட கழியை வைத்துக்கொண்டு ஊர்க் குளத்தையெல்லாம் குத்திப் பார்க்கிறாராம்.

அவள் ஹம்ஃப்ரியிடம் போனாள். "பாதிரியாரைக் கூட்டிவாருங்கள். கல்லைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் கேட்டுக்கொள்கிறேன். மார்ஜரியம்மாவையும் வரச் சொல்லுங்கள்."

மறுநாள் பாதிரியார் சேறு படிந்த செருப்போடு வந்தார். ஒல்லியான மனிதர். கழி இன்னும் கையில் இருந்தது. டாம்சின் தன் அகலப் பாவாடையால் கல்லை மறைத்தபடி தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"கல்லைக் காட்டுகிறேன் ஐயா. அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்."

தள்ளி நில் தாயே, அவர் என்னைப் பார்க்கட்டும், பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தொட்டி தவித்தது. அவள் நகரவில்லை. குழந்தை பிறந்ததையும், இறந்ததையும், வேலியோரம் புதைத்ததையும் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

பாதிரியார் கழியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "இப்படி வீட்டில் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பற்றி விசாரிக்க ஜெபப் புத்தகத்தில் சில கேள்விகள் இருக்கின்றன, அம்மா. கேட்கிறேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்தான் ஐயா" என்று மார்ஜரி முன்னால் வந்தாள்.

"கூட இருந்தது யார்?"

"தாய் இருந்தாள்."

"என்ன வார்த்தை சொன்னீர்கள்?"

மார்ஜரி சொன்னாள். குரல் தடுமாறியது. வார்த்தை தடுமாறவில்லை.

"எதைக் கொண்டு கொடுத்தீர்கள்?"

மார்ஜரி டாம்சினைத் திரும்பிப் பார்த்தாள். டாம்சின்தான் பதில் சொன்னாள். "குதிரைத் தொட்டித் தண்ணீர் ஐயா. குதிரை குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்."

"தண்ணீர்தானே?"

"தண்ணீர்தான்."

"அப்படியானால் உங்கள் பிள்ளை முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவள். சந்தேகமே வேண்டாம். வேலியோரம் புதைத்தது தவறு. அதை நான் சரிசெய்கிறேன்."

டாம்சினுக்கு நம்ப முடியவில்லை. "தொட்டி... அது எப்படிப்பட்ட தொட்டி என்று நீங்கள் கேட்கவில்லையே."

"புத்தகம் அதைக் கேட்கவில்லை, அம்மா. தண்ணீரையும் வார்த்தையையும்தான் கேட்கிறது. ஓடையில் முகந்திருந்தாலும் சரி, சேற்றுக் குட்டையில் முகந்திருந்தாலும் சரி."

மார்ஜரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்து அழுதார்கள். பாதிரியார் காத்திருந்தார். அழுது முடித்து அவர்கள் எழுந்து விலகியபோதுதான் அவர் கல்லைப் பார்த்தார். புறாவைப் பார்த்தார். மண்டியிட்டு, மிச்சமிருந்த பாசியை நகத்தால் சுரண்டி, ஓர் அலையை, இன்னோர் அலையை விரலால் தடவினார்.

"அம்மா" என்றார் கடைசியில். "எல்டர்காமில் பிறந்த மற்றப் பிள்ளைகள் எங்கே ஞானஸ்நானம் பெற்றார்களோ, அங்கேதான் உங்கள் ஜூடித்தும் பெற்றிருக்கிறாள்."

டாம்சின் கல்லின் மேல் கையை வைத்தாள். ஒரு சிரிப்பு வந்தது. ஐந்து வருஷத்தில் முதல் சிரிப்பு.

அன்று சாயங்காலம் குதிரை தண்ணீர் குடிக்க வந்தது.

"என்னைப் பார்ப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்" என்றது தொட்டி. "நான் எதுவாக இருந்தாலும் சரியாம். இத்தனை வருஷமாக நான் எதற்கு வெட்கப்பட்டேனோ, அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை."

"அப்படியானால் என்னை எதற்குக் கழுத்து வலிக்கத் தேய்க்க வைத்தாய்?"

"நீ தேய்க்காவிட்டால் அவர் வந்திருக்க மாட்டார்."

"அதுவும் சரிதான்" என்றது குதிரை.

தொட்டி ஜூடித் என்ற பெயரைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. பதினாறு வருஷமாக உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அப்போது தளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சின்னப் பெட்டியை மதிலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பாதிரியார் ஜெபத்தை முழுவதும் வாசித்தார். பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். ஊரார் நின்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்த டாம்சின் படுத்துத் தூங்கினாள். மறுநாள் வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. ஹம்ஃப்ரி அவளை எழுப்பாமல் தானே பால் கறந்தான்.

அந்த வாரக் கடைசியில் தொட்டியை ஏற்றிப்போக வண்டி வந்தது. பாதிரியாரும் வந்தார். கூடவே கோயில் பணியாளர் கிரிகரியும் ஆறு ஆட்களும் கயிறுகளோடு வந்தார்கள். ஹம்ஃப்ரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஐயா, எல்ம் மரத்தில் புதுத் தொட்டி குடையச் சொல்லியிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. குதிரை காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை."

"இனிமேலா?" என்றார் கிரிகரி. "இன்றைக்குக் கழுவித் துடைத்துக் கோயிலுக்குள் வைக்கப் போகிறோம். இதில் போய் இனியும் குதிரை வாய் வைப்பதா?"

சாம்பல் குதிரை ஆட்களுக்கு நடுவே வழி பார்த்துக்கொண்டு நின்றது. டாம்சின் பாதிரியாரைப் பார்த்தாள்.

பாதிரியார் கயிறு பிடித்திருந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். குதிரை வந்து, மூக்கு முங்க, அவசரப்படாமல் குடித்தது. அது தலையைத் தூக்கும்வரை அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.